காஞ்சனபுரியில் ஒரு பதிவேடு வேண்டும்

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாண நிர்வாகத்தினருக்கும், ஆண்டுதோறும் குவாய் பால விழாவை நடத்துவோருக்கும், அங்குள்ள போர் அருங்காட்சியகங்களைப் பராமரிப்போருக்கும், பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், 1943-ஆம் ஆண்டு, ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்ய, உங்கள் ஊர் வழியாகக் காட்டுக்குள் போனார். போனவர் திரும்பவில்லை. இந்த மடலைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எல்லோரும் படிக்க எழுதுவது வேறொரு காரணத்துக்காக. இங்கே நான் கேட்கப்போவதை என்னைப் போல இன்னும் பல ஆயிரம் குடும்பங்கள் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு நவம்பர் இறுதியில், பால விழா நடக்கும் நாட்களாகப் பார்த்து, என் மகனுடன் வந்தேன். காஞ்சனபுரி என்ற பெயர் எங்கள் காதுக்குப் புதிதாக ஒலிப்பதில்லை. பொன் நகரம் என்று அகராதி பார்க்காமலே பொருள் விளங்கும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. 'சயாம்' என்று மட்டும்தான் சொல்வார்கள். சயாமுக்குப் போனவர், சயாமில் விட்டவர், சயாமிலிருந்து வந்தவர். அந்த ஒரு சொல்லுக்குள் காடு, மழை, வாந்திபேதி, ரயில் எல்லாம் அடங்கியிருந்தன.

முதலில் போன இடம் தோன்ராக் போர்க் கல்லறை. ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம், கொஞ்சம் நடந்தால் வந்துவிடுகிறது. ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாகி அந்த ரயில் பாதையில் இறந்த கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கல், கல்லின் மேல் வெண்கலத் தகடு, தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதித் தந்த ஒரு வரி. வாசலருகே ஒரு சிறு பெட்டியில் பதிவேடு இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், நான்காக மடித்த தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து, பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டி, வரிசை எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நேராக நடந்துபோய் ஒரு கல்லின் முன் நின்றார். குனிந்து, தகட்டின் மேல் ஒட்டியிருந்த ஈரப் புல்லைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

எண்பது ஆண்டுகள் கழித்து வந்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைத்ததைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குக் கிடைத்தது முழுக்க நியாயம். அதே நியாயம் எனக்கும் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வளாகத்தில் இரண்டு கல்லறைகளுக்குள் 300 பேரின் சாம்பல் சேர்ந்து இருக்கிறது. 1943 மே, ஜூன் மாதங்களில் நியெகே முகாம் பக்கம், பெரும்பாலும் காலராவில் இறந்து எரிக்கப்பட்டவர்கள். யாருடைய சாம்பல் எது என்று பிரிக்க வழியில்லை. ஆனாலும் 300 பேரின் பெயர்களையும் மண்டபத்துச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். முகப்பிலேயே இன்னொரு பட்டியல் உண்டு: தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்ட, பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள். உடல் அங்கே இல்லை, பெயர் இருக்கிறது. எரித்த சாம்பலுக்கும் பெயர் உண்டு, வேறிடத்தில் புதைந்தவருக்கும் பெயர் உண்டு என்பதைப் படித்தபோதுதான் இந்த மடலின் முதல் வரி என் மனத்தில் விழுந்தது.

என் தாத்தா சிப்பாய் இல்லை. பால்மரம் வெட்டியவர், ரப்பர் பால் எடுக்கும் தோட்டத் தொழிலாளி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், எங்கள் பக்கத்திலிருந்து சொன்னால் வேறு மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டங்கள் நின்றுபோயின, சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று வந்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு, தங்க இடம், குடும்பத்தோடும் வரலாம் என்று, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் சொன்னார்கள். சிலர் நம்பிப் போனார்கள். நம்பாதவர்களைப் பட்டியல் போட்டு இழுத்துப் போனார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்கு அழைத்து, உள்ளே போனதும் கதவைச் சாத்தி, அங்கிருந்தே லாரியில் ஏற்றியதாகவும் உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து நான்கைந்து நாள் பயணம். தாய்லாந்தின் பான் போங் ஊரில் இறக்கி, மழையில், சேற்றில், காட்டுக்குள் நடை.

415 கிலோமீட்டர் பாதை. தாய்லாந்துப் பக்கம் நோங் பிளாடுக், பர்மாப் பக்கம் தன்பியூசயாட். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தாவில் இரு முனைகளும் சந்தித்தன. அந்த வேலையில் 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இருந்தார்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், ஜப்பானியர் சொல்லில் ரோமுஷாக்கள், 1,80,000-க்குக் குறையாது என்பார்கள். பர்மியர்கள், மலாயாவிலிருந்து போனவர்கள், ஜாவாவினர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேல், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். இறந்த ஆசியர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். போர்க்கைதிகளுக்குக் கணக்கு இருக்கிறது. எங்களவர்களுக்கு மதிப்பீடுதான்.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் உண்டு. போர்க்கைதிகள் ஒரு படையாக வந்தவர்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். செத்தவனின் பெயரையும் புதைத்த இடத்தையும் யாரோ ஒருவர் தாளில் குறித்தார். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரிலும் அக்டோபரிலும், ஒரு சிறு குழு பாதை நெடுகப் போய் 144 அடக்கத்தலங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் அது முடிந்தது. எங்களவர்களோ தோட்டத்து ஆட்கள். அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, எழுதத் தெரிந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர்? புருஷன் செத்தால் பெண்சாதி அழுதாள், பெண்சாதியும் செத்தால் பிள்ளை அழுதது, பிள்ளையும் செத்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. 1943-இல் போர்க்கைதிகளாக இருந்த மருத்துவப் பணியாளர்களை இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம்களின் கோலத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பகுதி அவர்கள் எழுதி வைத்தது. அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். நம்முடைய சாவைப் பார்த்து எழுதி வைக்க, சிறைப்பட்டிருந்த வேற்று நாட்டார் சிலராவது இருந்தார்கள்.

கணக்கில்லாமல் ஒருவர் போய்விட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். பாட்டி தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. செத்த சேதி வரவில்லையே, எப்படிக் கழற்றுவது? திரும்பி வந்த ஒருவர், 'ஆற்றங்கரை முகாமில் காய்ச்சலோடு படுத்திருந்தார், நான் பார்த்தபோது உயிர் இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த 'உயிர் இருந்தது' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாட்டி இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். என் அப்பாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது சிக்கல் வந்தது. மணமகனின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா? அச்சகத்தில் ஆள் காத்திருக்கிறார். பெரியவர்கள் போட்டுவிடலாம் என்றார்கள். பாட்டி வேண்டாம் என்றார். அந்தப் பத்திரிகை இப்போது என் மேசையில் இருக்கிறது. மஞ்சள் தடவிய ஓரம் கறுத்துப் போயிருக்கிறது. 1964-இல் அச்சான அந்தத் தாளில் தாத்தா உயிரோடு இருக்கிறார், அழைப்பவர்களில் ஒருவராக.

திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். பாட்டி இறந்த பிறகுதான் அப்பா அதைச் செய்யத் தொடங்கினார். அதுவரை பாட்டிக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இலை போட்டுப் படைத்ததில்லை.

இனி உங்கள் ஊரில் நான் கண்டதற்கு வருகிறேன்.

பாலத்தின் மேல் ஒரு வழிகாட்டி ஒரு குழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை, நடுவில் கோணமாக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை என்று அழகாகச் சொன்னார். போர்க்கைதிகள் எத்தனை பேர், எந்தெந்த நாட்டினர், என்ன சாப்பிட்டார்கள், மாலையில் என்ன பாடினார்கள் என்பது வரை சொன்னார். கடைசியில், 'ஆசியர்களும் நிறையப் பேர் இறந்தார்கள்' என்று முடித்தார். கூட்டம் கலைந்த பிறகு நான் போய், அந்த நிறையப் பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. 'பெயரே தெரியாதபோது என்ன சொல்வது?' என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உண்மை. பெயர் தெரிந்தால்தான் கதை சொல்ல முடியும். ஆனால் பெயர்கள் இல்லாமல் போகவில்லை. அவை சிதறிக் கிடக்கின்றன. என் வீட்டில் ஒன்று இருக்கிறது. சுங்கை சிப்பூட்டில், கிள்ளானில், கூலிமில், செகாமட்டில் இருக்கிற வீடுகளில் இருக்கின்றன. பர்மாவிலும் ஜாவாவிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் நெஞ்சில் வைத்திருக்கும் ஆள் இப்போது எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுவிட்டார். கொண்டுவந்து இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை என்பதுதான் குறை.

அந்த இடம் உங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பதிவேடு. தோன்ராக் வாசலில் இருக்கிற பெட்டியைப் போல எளிமையாக இருந்தால் போதும். ஆசியத் தொழிலாளர் ஒருவரின் உறவினர் யார் வந்தாலும், எந்த மொழியிலும், இறந்தவரின் பெயர், புறப்பட்ட ஊர் அல்லது தோட்டம், போன ஆண்டு, விட்டுப்போனவர்கள் யார் என்று எழுத வேண்டும். வர முடியாதவர்கள் எழுதி அனுப்ப வழி வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு முறை வரலாம், எழுத்து மாறி வரலாம், சான்று இல்லாமல் வரலாம். வரட்டும். சரிபார்ப்பதைப் பிறகு செய்யலாம், அறிஞர்கள் இருக்கிறார்கள். காத்திருக்க நேரமில்லாதவர்கள் சாட்சிகள்தான்.

எங்கே வைப்பது என்றால், என் மனத்தில் ஓரிடம் இருக்கிறது. தோன்ராக் கல்லறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாட் தாவோன் வராராம் என்ற வியட்நாமிய பௌத்தக் கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுத் தூபி அங்கே நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் அமைப்புகள் முன்னின்று அந்த வளாகத்தில் ஒரு நடுகல்லும் நட்டிருக்கின்றன. போரில் இறந்தவனுக்குக் கல் நடுவது எங்களில் இரண்டாயிரம் ஆண்டு வழக்கம். கல்லில் பெயரும் பீடும் எழுதுவதும் அந்த வழக்கத்தில் அடக்கம். கல் வந்துவிட்டது, பெயர்கள் இனி வர வேண்டும். அன்று மாலை நான் அங்கே போனபோது வழி கேட்டுத்தான் போனேன். தூபிக்கு எதிரே ஒரு பிக்கு இலை கூட்டிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோயிருந்த சூடத்தைக் கையில் காட்டினேன், கொளுத்தலாமா என்று. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்து தந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அந்தத் தட்டில் சூடம் எரிந்து முடியும் வரை அவர் பக்கத்திலேயே நின்றார். இந்த ஊரில் இடம் கேட்கலாம் என்ற தைரியம் எனக்கு அவரால் வந்தது.

தோன்ராக்கைப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த வாசலில், கல்லறையைப் பராமரிக்கும் ஆணையத்தின் ஒப்புதலோடு, பக்கத்துக் கோயிலுக்கு வழி காட்டும் பலகை ஒன்று வைத்தால் அவர்களில் பாதிப் பேராவது அங்கேயும் வருவார்கள். ஆணையத்தின் பொறுப்பு படையினரின் கல்லறைகளோடு முடிகிறது. கூலிக்குப் போனவர்களை அது கவனிக்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்தப் பொறுப்பு உங்களிடம் வருகிறது. அவர்கள் இறந்தது உங்கள் மண்ணில்.

இரண்டாவது, பால விழா. ஒளியும் ஒலியுமாக நடக்கும் அந்தக் காட்சிக்கு எவ்வளவு உழைக்கிறார்கள் என்று கண்ணால் கண்டேன். ஆற்றங்கரையில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர்க்காரர்களும் நிற்கிறார்கள். ஊர் வரலாற்றை ஊரே கூடிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்! எங்கள் நாட்டில் இந்த ரயிலைப் பற்றி இப்படிக் கூடும் ஒரு நாள் கிடையாது. அதனால் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கேட்பது ஒன்றுதான். குண்டு விழும் காட்சிக்கு வாணவேடிக்கை விடுகிறபோது, குண்டு விழுந்த நாட்களில் பாலத்தை ஒட்டிய முகாம்களில் ஆட்கள் இருந்தார்கள், நேச நாட்டுக் குண்டுக்குக் கைதிகளும் செத்தார்கள் என்பதைப் பார்ப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. சத்தம் அடங்கியதும் ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு, பதிவேட்டில் சேர்ந்த பெயர்களில் சிலவற்றைப் படியுங்கள். ஒரு பர்மியப் பெயர், ஒரு ஜாவாப் பெயர், ஒரு தமிழ்ப் பெயர், ஒரு மலாய்ப் பெயர் என்று. ஒவ்வோர் ஆண்டும் வேறு பெயர்கள். அந்தக் கூட்டம் அமைதியாகக் கேட்கும் என்று நம்புகிறேன்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றும் காஞ்சனபுரியிலிருந்து 'நாம் தோக்' என்ற ஊர் வரை அந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது. தாம் கிராசேயில், பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களில் நிற்கும் பாலத்தின் மீது வண்டி ஊர்ந்து போகும்போது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். என் மகனும் எடுத்தான். நான் கீழே பார்த்தேன். சிலிப்பர் கட்டை ஒன்றுக்கு ஓர் உயிர் என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். அங்கே வண்டி ஊர்கிற வேகத்தில் கட்டைகளை எண்ண முடிகிறது. கொஞ்ச தூரம் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். அந்த நிலையத்தில் நான்கைந்து மொழிகளில் ஒரு பலகை வைக்கச் சொல்லி ரயில்வேயிடம் நீங்கள் கேட்க முடியும். அதற்கு மேலே, சங்க்லாபுரிப் பக்கம், பாதையின் ஒரு பகுதி அணைக்கட்டு நீருக்கு அடியில் போய்விட்டது. கொன்கொய்தாவும் நியெகேயும் இருந்த பக்கம் அது. அங்கே இறந்தவர்களுக்கு இனி யாரும் மண்ணில் கல்லறை தேட முடியாது. அவர்களுக்கு மிச்சமிருப்பது தாள் ஒன்றுதான்.

நகர எல்லைக்குள்ளேயே, 1990 நவம்பரில், ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள்தான் என்று சொன்னார்கள். போர் முடிந்து 45 ஆண்டுகள் அவர்களுக்கு மேல் கரும்பு விளைந்திருக்கிறது. தோண்டாத குழிகள் இன்னும் எத்தனையோ.

பிக்குகள் நடத்தும் ஜீத் அருங்காட்சியகத்தை நான் வணங்குகிறேன். 1977-இல், வேறு யாரும் பெரிதாக முயலாத காலத்தில், வாட் சாய்சும்போன் ஆற்றங்கரையில் கைதிகளின் மூங்கில் குடிசையைப் போலவே ஒன்றைக் கட்டி, படங்களையும் பொருட்களையும் காத்து வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. பர்மா அதில் இல்லை. மலாயா இல்லை. ஜாவா இல்லை. பெயரை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை, வாசலில் அந்த எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் விடுபட்ட நாடுகளையும் ஒரு வரியில் எழுதுங்கள். தோன்ராக்கின் அருகிலுள்ள ரயில் பாதை ஆய்வு மையமும், நரக நெருப்புக் கணவாயில் (ஹெல்ஃபயர் பாஸ்) ஆஸ்திரேலிய அரசு அமைத்த விளக்க மையமும் ரோமுஷாக்களின் கதைக்கு இடம் கொடுத்திருக்கின்றன. அதனால் வழி தெரியாத வேலை எதையும் நான் கேட்கவில்லை.

ஆற்றின் பெயரையே உங்கள் நாடு ஒரு முறை மாற்றியிருக்கிறது. பாலம் கட்டப்பட்டபோது அதன் கீழே ஓடியது மே குளோங். 1957-இல் வந்த ஓர் ஆங்கிலப் படம் அதைக் குவாய் என்றது. படம் பிடித்ததோ இலங்கையில், கித்துல்கலையில். வருகிற பயணிகள் எல்லோரும் குவாய் எங்கே என்று கேட்டதால், 1960 வாக்கில் அந்தப் பகுதி ஆற்றுக்குக் குவே யாய் என்று பெயர் வைத்தீர்கள். கற்பனைக் கதை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று ஓர் ஆற்றுக்கே புதுப் பெயர் வைத்த உங்களுக்கு, உண்மையில் அங்கே இறந்தவர்களின் பெயரை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது பெரிய காரியமாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. வேலையில் இறந்தவர்களுக்காக அவர்கள் வைத்தது. பல மொழிகளில் அஞ்சலி வாசகம் பொறித்திருக்கிறார்கள், தமிழிலும். அந்தக் கல்லில் தமிழ் எழுத்துகளைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தேன், முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல. அடித்து வேலை வாங்கியவர்களுக்குக்கூட, செத்தவர்களில் தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எண்பது ஆண்டுகளில் நாம் எல்லோரும் சேர்ந்து அதற்கு மேல் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

நாம் என்று எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் இடிந்தன, கிழவர்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனார்கள், அங்கே சயாம் கதையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. நானே கேட்டதில்லை. என் வகுப்பில் வருடா வருடம் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். பாட்டியின் கழுத்தில் கிடந்த தாலியைப் பற்றி ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. திரும்பி வந்த அந்த மனிதர் எந்த முகாமில் தாத்தாவைப் பார்த்தார், ஆற்றின் எந்தக் கரை என்று கேட்டு எழுதிக்கொள்ள எனக்குப் பதினைந்து வயதாகியும் தோன்றவில்லை. அவர் எங்கள் லயத்தில் நான்காம் வீடு.

உங்கள் முன்னோர் நல்லது செய்திருக்கிறார்கள் என்பதும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. காட்டில் தப்பி ஓடி வந்தவர்களுக்குக் கிராமத்தார் சோறு போட்டு ஒளித்து வைத்ததாகத் திரும்பியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உயிரைப் பணயம் வைத்து முகாம்களுக்குள் மருந்து கடத்திக் கொடுத்த காஞ்சனபுரி வணிகர் பூன்போங்கை உலகமே அறியும். பாக் பிரேக் தெருவில் அவர் வீட்டு வாசலில் கைகூப்பிவிட்டுத்தான் வந்தேன். கைதிகளுக்கு இரங்கிய ஊர் அது. சாலையில் நடந்துபோன என் தாத்தாவின் கூட்டத்துக்கும் யாரோ ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்தால், காஞ்சனபுரி பதில் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன ஆண்டு, கூடப் போனவர்கள். தெரிந்தது எவ்வளவோ அவ்வளவு. முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள்.

நிர்வாகத்தினருக்கு: வருகிற நவம்பரில் மீண்டும் வருவேன். என்னோடு எங்கள் ஊரிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் வர இருக்கின்றன. எங்களுக்குத் தனி வரவேற்போ மேடையோ வேண்டாம். கோயிலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கோடு போட்ட ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். பேனா நாங்கள் கொண்டுவருகிறோம்.

இந்த மடலில் தாத்தாவின் பெயரை நான் எழுதவில்லை. அந்தப் புத்தகத்தில் எழுத வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சயாமுக்குப் போனவரின் பேத்தி